திறப்பு விழாவுக்குப் பின்

நாகரிகமுள்ளோர் கூடியிருக்கும் இடத்தில் பேசத்தகாத பொருள்கள் சில உண்டு என்று எமக்குச் சிறு பராயம் முதலே கற்பிக்கப்பட்டிருக்கிறது. அவற்றுள் தலையாயது மலசலகூடம். இலக்கியத் திங்களிதழ் ஒன்றின் பக்கங்களை இப்பொருளுக்கு ஒதுக்குவதா என்று வாசகர் சிலர் முகஞ்சுளிக்கவும் கூடும். ஆயினும், மனிதர் நாள்தோறும் செய்தே தீரவேண்டிய செயல் ஒன்றைப் பேசத்தகாததாக்கி வைத்திருக்கும் சமுதாயம், அச்செயலுக்கு வேண்டிய இடத்தையும் நீரையும் உழைப்பையும் யார் கொடுப்பது என்ற கேள்வியையும் பேசத்தகாததாக்கி விடுகிறது. கேள்வி எழாத இடத்தில் பொறுப்பும் எழுவதில்லை. ஆகவே, இதனைப் பேசியே ஆகவேண்டியிருக்கிறது.

எமது மொழியில் இச்செயலுக்கு வழங்கும் இடக்கரடக்கல்களை எண்ணிப் பாருங்கள். வெளிக்குப் போதல், கொல்லைக்குப் போதல், ஒதுங்குதல் என்பன யாவும் ஓர் இடத்தைக் குறிப்பன. வீட்டுக்கு அப்பால் ஒரு வெளி இருந்தது. அங்கே பற்றையும் மரமும் மறைவு தந்தன என்பதையே இச்சொற்கள் காட்டுகின்றன. அதற்கென ஒரு கட்டடம் வந்தபோது அதன் பெயர் அயல்மொழியிலிருந்து வந்தது. ஒல்லாந்தர் 1638ஆம் ஆண்டில் போர்த்துக்கேயரிடமிருந்து மட்டக்களப்புக் கோட்டையைக் கைப்பற்றினர். அவர்களுடைய ஆட்சி போயிற்று; கோட்டை நிற்கிறது; அவர்களின் மொழியிலிருந்து பிறந்த 'கக்கூசு' என்ற சொல்லும் தமிழ் வழக்கில் நிலைத்துவிட்டது. இன்று 'வெளி' மறைந்துவிட்டது. காணிகள் வேலியடைக்கப்பட்டன, பற்றைகள் வெட்டப்பட்டன, குடிகள் பெருகின. 'வெளிக்குப் போதல்' என்ற சொல் மட்டும் எஞ்சியிருக்கிறது. போவதற்குத்தான் வெளி இல்லை.

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. அதற்கும் கடலுக்கும் இடையேயுள்ள ஒடுங்கிய மணற்பட்டி எழுவான்கரை; மேற்கே வயல்களும் குளங்களும் மேய்ச்சல் நிலங்களும் விரிந்து செல்லும் பெருநிலம் படுவான்கரை. இவ்விரு கரைகளிலும் வாழும் உழைப்பாளரின் வாழ்க்கை பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே நடப்பது. வாவியில் வலை வீசுபவர் விடியுமுன் தோணி ஏறுகிறார். வட்டையில் நாற்றுப் பிடுங்கவும் களை பறிக்கவும் போகும் பெண் மாலை சாய்ந்தபின்னரே வீடு திரும்புகிறாள். அறுவடைக் காலத்தில் வாடியிலேயே பல நாள் தங்கும் கூலியாளர் உளர். மண்முனையில் 2014ஆம் ஆண்டு பாலம் திறக்கப்படும்வரை அங்கே துறையில் காத்துநின்று படகுப்பாதையில் ஏறித்தான் வாவியைக் கடக்க வேண்டியிருந்தது. குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையிலும், குருக்கள்மடத்துக்கும் அம்பிளாந்துறைக்கும் இடையிலும் மக்கள் நெடுங்காலமாக அவ்வாறே கடந்து வந்திருக்கின்றனர். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரத்துக்கும் மண்டூர்க் கந்தசுவாமி கோயிலுக்கும் மாமாங்கத்துக்கும் திருவிழாக் காலங்களில் ஆயிரமாயிரமாய் அடியார் திரள்கின்றனர். கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்வோர் இக்கரையோரமாகவே நாட்கணக்கில் நடந்து போகின்றனர்.

இவர்களுள் ஒவ்வொருவருக்கும் தத்தம் வீட்டில் நல்ல மலசலகூடம் இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். அதனால் துறையில் நிற்கும்போது அவருக்கு யாது பயன்? வட்டையின் நடுவே நிற்கும்போது யாது பயன்? பொது மலசலகூடம் வீட்டு மலசலகூடம் இல்லாதவருக்கான தருமம் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை வேறு. வீட்டைவிட்டு வெளியே வந்து உழைப்பவர், விற்பவர், கற்பவர், வழிபடுபவர் ஆகிய அனைவருக்கும் பொதுவிடத்தில் தங்குவதற்கான உரிமையை அதுவே மெய்யாக்குகிறது. அஃது இல்லாத ஊரில் பொதுவிடம் என்பது ஆடவருக்கு மட்டுமே பொதுவிடம்.

இதனை ஒரு மூதாட்டி எமக்கு விளக்கினார். படுவான்கரைச் சந்தை ஒன்றில் மீன் விற்பவர் அவர். நண்பகல் வெயிலில் நாவரண்டிருந்தும் தண்ணீரைத் தொடாதிருந்தார். ஏன் குடிக்கவில்லை என்று எம்மில் இளையவர் ஒருவர் கேட்டதற்கு, "தண்ணி குடிச்சாத்தான் மனே கரைச்சல், நான் வீட்ட போய்த்தான் குடிக்கிற" என்றார். அச்சந்தைக்கு ஒரு மலசலகூடம் இல்லாமலில்லை. மூலையில் ஓட்டுக்கூரையோடு நின்றது. அதன் கதவில் பூட்டுத் தொங்கியது. திறப்பு அலுவலகத்தில் இருக்கிறது என்றனர். அலுவலகமோ சற்றுத் தொலைவில். சந்தை கூடும் ஞாயிற்றுக்கிழமையில் அது மூடியிருக்கும். தண்ணீரை அடக்கியும் சிறுநீரை அடக்கியும் வாழும் பெண்களுக்குச் சிறுநீர்ப்பாதைத் தொற்று வருவது மருத்துவர் யாவரும் அறிந்தது. மாதவிலக்கு நாட்களில் சந்தைக்கே வாராது நின்று அந்நாட் கூலியை இழப்போரும் உளர். ஒரு பூட்டின் விலையை நாம் கடையிற் கேட்டறியலாம். அந்தப் பூட்டினால் உழைக்கும் பெண்கள் இழப்பதற்கு விலை எங்கும் எழுதப்படுவதில்லை.

இலங்கை இத்துறையில் ஏதும் செய்யாத நாடு என்று நாம் கூறவரவில்லை. மாறாக, தென்னாசியாவில் முன்னின்ற நாடுகளுள் இது ஒன்று. கொக்கிப் புழுவை ஒழிக்கும் இயக்கம் ரொக்பெல்லர் நிறுவனத்தின் துணையோடு 1916ஆம் ஆண்டளவில் தோட்டப் பகுதிகளில் தொடங்கியது. மலத்தோடு வெளிப்படும் முட்டையிலிருந்து ஈரமண்ணில் பொரிக்கும் புழு, வெறுங்காலின் தோலைத் துளைத்து உடம்பினுட் புகுகிறது. குடலிற் பற்றிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சுகிறது. மருந்து கொடுத்துப் புழுவைக் கழித்தாலும் மண் மாசுற்றிருக்கும்வரை அது மீண்டும் வரும் என்பதை அவ்வியக்கம் தெளிவாக்கியது. களுத்துறையில் 1926ஆம் ஆண்டு முதலாவது சுகாதாரப் பிரிவு நிறுவப்பட்டது. நோயாளி வைத்தியசாலைக்கு வருமுன் நோயின் காரணத்தை ஊரிலேயே தடுப்பது அதன் நோக்கம். பின்னர் நாடெங்கும் பரவிய அம்முறையில், பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் குடும்பநல மருத்துவமாதும் வீடுவீடாகச் சென்றனர். இன்று இத்தீவின் பத்து வீடுகளுள் ஒன்பதுக்கு மேற்பட்டவற்றில் மலசலகூடம் உண்டு. இலவசக் கல்வியைப் போன்றே இதுவும் மக்கள் ஈட்டிய பேறு.

ஆயின், இப்பேறே ஒரு மறைப்பாகவும் ஆகிவிட்டது. கணக்கெடுப்போர் வீடுகளை எண்ணுகின்றனர். வீடுகளுக்கு இடையே உள்ள வெளியை எவரும் எண்ணுவதில்லை. துறை, சந்தை, பேருந்து நிறுத்தம், வட்டை, கோயில் வீதி, தோணிகள் கரையேறும் இடம் ஆகியவை எந்த அட்டவணையிலும் ஒரு வீடாக இடம்பெறுவதில்லை.

வாவிக்கரையின் நிலவியல்பு இச்சிக்கலை மேலும் கடினமாக்குகிறது. எழுவான்கரை மணல் நிலம். சிறிது தோண்டினாலே நீர் ஊறும். மக்கள் அந்த ஆழமற்ற கிணற்று நீரையே நெடுங்காலமாகக் குடித்து வந்துள்ளனர். கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையே 50 அடியேனும் இருத்தல் வேண்டும் என்று பரிசோதகர் கூறுவார். நெருங்கிக் குடியிருக்கும் ஊர்களில், துண்டுதுண்டாகப் பிரிந்துபோன வளவுகளில், அந்த 50 அடிக்கு எங்கே போவது? தன் வளவின் கிணற்றுக்கு விலக்கிக் கட்டிய குழி அயல்வீட்டுக் கிணற்றுக்கு அணித்தாகிவிடுகிறது. மணலோ வந்ததை வடியவிடுகிறது. படுவான்கரையில் நிலைமை மறுதலையானது. அங்கே பல இடங்களில் களிமண். நீர் எளிதில் சுவறாது. வடகீழ்ப் பருவமழை மார்கழி, தை மாதங்களில் கொட்டும்போது வயலும் வளவும் ஒன்றாகி, குழிகள் நிரம்பி வழிகின்றன. 2011ஆம் ஆண்டு தை மாதப் பெருவெள்ளத்தை அனுபவித்த எவருக்கும் இதனை விளக்க வேண்டியதில்லை. வழிந்த நீர் இறுதியிற் சேரும் இடம் வாவி. நாம் மீனும் இறாலும் எடுக்கும் அதே வாவி.

இலண்டன் மாநகரில் 1854ஆம் ஆண்டு வாந்திபேதி பரவியபோது, அது கெட்ட காற்றால் வருவதன்று, மலம் கலந்த குடிநீரால் வருவது என்று ஜோன் சுனோ என்ற மருத்துவர் ஒரு தெருக் குழாயைச் சுட்டி நிலைநாட்டினார். பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகை 2007ஆம் ஆண்டில் தன் வாசகரிடையே ஒரு வாக்கெடுப்பு நடத்தியது. 1840க்குப் பின்னர் ஏற்பட்ட மருத்துவ முன்னேற்றங்களுள் தலைசிறந்தது எது என்பது வினா. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளையும் மயக்க மருந்தையும் பின்தள்ளி, தூய நீரும் கழிவகற்றலுமான சுகாதார ஏற்பாடே முதலிடம் பெற்றது. மருந்துக்குச் செலவிடத் தயங்காத நாம், அந்நோய் வாராமற் காக்கும் கட்டடத்தின் குழாயைத் திருத்தத் தயங்குகிறோம்.

அத்தகைய கட்டடங்கள் இப்பகுதியில் எழாமலில்லை. 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுவான்கரைக் கரையோரத்தைச் சிதைத்தது. கிணறுகள் உவர்நீராயின. கிழக்கில் 2007ஆம் ஆண்டுவரை நீடித்த போர் படுவான்கரை மக்களை மீண்டும் மீண்டும் இடம்பெயர வைத்தது. முகாம்களிலும் மீள்குடியேறிய ஊர்களிலும் அரசும் உதவி நிறுவனங்களும் மலசலகூடங்கள் கட்டின. அவ்வுதவியை நாம் சிறுமைப்படுத்தவில்லை. அந்நாட்களில் அது உயிர் காத்தது. எனினும், உதவியின் ஆயுள் திட்டத்தின் ஆயுளே. திட்டம் முடிந்ததும் நிறுவனம் போயிற்று, வாகனம் போயிற்று, கட்டடம் மட்டும் நின்றது.

பொது மலசலகூடம் ஒன்று எவ்வாறு சாகிறது என்பதைக் கூர்ந்து நோக்குவோர் ஒரு சீரான முறையைக் காணலாம். முதலில் கதவின் கொண்டி கழன்றுவிடுகிறது. அக்கணமே பெண்களுக்கு அது மூடப்பட்டதாகிறது. ஆனால் எந்த அறிக்கையிலும் அது மூடப்பட்டதாகப் பதிவாகாது. அடுத்து நீர்த்தாங்கிக்கு நீரேற்றும் இயந்திரம் பழுதாகிறது. வாளியில் நீர் மொண்டுவருவோர் சிலநாள் வருவர், பின் வாரார். நீர் இல்லாத இடத்தில் ஒருவர் விட்டுச்சென்றதை அடுத்தவர் கண்டு திரும்புகிறார். குழி நிரம்புகிறது. கழிவகற்றும் பவுசரை அழைக்கப் பணம் வேண்டும்; எவருடைய பணம் என்று தெரியாது. ஈற்றில் நாற்றம் தாளாமல் யாரோ ஒருவர் பூட்டுகிறார். அதன்பின், "எமது சனங்களுக்குப் பாவிக்கத் தெரியாது" என்ற தீர்ப்பு வழங்கப்படுகிறது. பழி கட்டடத்தைப் பேணாத ஏற்பாட்டின்மீது விழாமல், நீரின்றித் திரும்பியவர்மீது விழுகிறது.

இத்தீர்ப்பு எவ்வளவு பொய்யானது என்பதற்குக் கடலுக்கு அப்பாலுள்ள தமிழ்நாடே சான்று தருகிறது. அங்கே 2001ஆம் ஆண்டு முதல் 2004ஆம் ஆண்டுக்குள், 12,000க்கு மேற்பட்ட ஊராட்சிகளிலும் ஊராட்சிக்கு ஒன்றாக மகளிர் சுகாதார வளாகங்கள் கட்டப்பட்டன. மலசலகூடம், குளிக்கும் இடம், துணி துவைக்கும் கல், நீர்த்தொட்டி ஆகியன ஒருங்கே அமைந்த நல்ல திட்டம் அது. ஆனால் சில ஆண்டுகளுக்குள் அவற்றுட் பல நீரின்றியும் மின்சாரமின்றியும் பராமரிப்பாரின்றியும் பாழடைந்தன. 2011ஆம் ஆண்டுக்குப் பின்னர் அரசு மீண்டும் பெருந்தொகை செலவிட்டு அவற்றைப் புதுப்பிக்க வேண்டியதாயிற்று. ஒரே கட்டடத்துக்கு இருமுறை செலவு.

அதே தமிழ்நாட்டில், அதே காலத்தில், திருச்சிராப்பள்ளிச் சேரிகளில் வேறொன்று நடந்தது. கிராமாலயா என்ற தொண்டு நிறுவனத்தின் துணையோடு, மாநகராட்சி கட்டிய பொதுக் கழிப்பிடங்களை அவ்வச்சேரிப் பெண்களின் குழுக்கள் பொறுப்பேற்றன. பயன்படுத்துவோரிடம் சில்லறைக் காசு பெற்றனர். அதிலிருந்து துப்புரவாளருக்கும் காவலருக்கும் சம்பளம் கொடுத்தனர்; மின்கட்டணம் செலுத்தினர்; குழாய் திருத்தினர்; கணக்கெழுதி யாவரும் பார்க்க வைத்தனர். கல்மந்தை என்ற சேரி 2002ஆம் ஆண்டிலேயே திறந்தவெளியில் மலங்கழிக்கும் வழக்கம் முற்றாக ஒழிந்த இடமாக அறிவிக்கப்பட்டது. முன்னைய வளாகங்களைப் பாவித்தவரும் தமிழ்ப் பெண்கள். இவற்றைப் பாவித்தவரும் தமிழ்ப் பெண்கள். மக்கள் மாறவில்லை, சம்பளமும் கணக்கும் முடிவெடுக்கும் உரிமையும் மாறின.

அம்மாவட்டத்திலுள்ள முசிறியிலிருந்தும் எமக்கு ஒரு பாடமுண்டு. காவிரிக் கரையில் நிலத்தடி நீர் மட்டம் உயர்ந்திருப்பதால், குழிக்குள் விழும் மலம் நீரைக் கெடுக்கும் என்று கண்ட ஒரு தொண்டு நிறுவனம், நிலத்துக்கு மேலே கட்டிய அறைகளில் மலத்தையும் சிறுநீரையும் பிரித்துச் சேர்க்கும் உலர்முறைக் கழிப்பிடங்களை அமைத்தது. மலம் சாம்பலோடு மக்கி எருவாயிற்று. சிறுநீர் பயிருக்குப் போயிற்று. பாவிப்பவர்க்குக் காசு கொடுத்தும் பார்த்தனர். அதனை அப்படியே இங்கு நடுதல் வேண்டும் என்பதன்று எமது கருத்து. நிலத்தை அறிந்து கட்டவேண்டும் என்பதே கருத்து. நீர் மேலெழும் வாவிக்கரையில், வெள்ளமட்டத்துக்கு மேல் உயர்த்திய பீடமும், அடிப்பக்கம் கசியாத தொட்டியும், அத்தொட்டியைக் காலந்தவறாது வெறுமையாக்கும் ஏற்பாடும், எடுத்த கழிவைச் சுத்திகரிக்கும் இடமும் வேண்டும். கொழும்பில் வரைந்த ஒரே வரைபடம் மணலுக்கும் களிக்கும் வெள்ளத்துக்கும் ஒருங்கே பொருந்தாது.

இனி, இப்பொறுப்பு யாருடையது? 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் இதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. தன் எல்லைக்குள் பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொது வழிகள் ஆகியவற்றை நிருவகிப்பதற்கே பிரதேச சபை உண்டாக்கப்பட்டது என்று அச்சட்டம் தொடக்கத்திலேயே கூறுகிறது. ஆனால் அச்சபைகளைத் தெரிவுசெய்யும் உரிமை எம்மக்களுக்கு எவ்வளவு காலம் இருந்தது? 2008ஆம் ஆண்டு பங்குனி 10ஆம் நாள் மட்டக்களப்பு மாவட்டத்தில் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தபோது, அதற்கு முன்னையது 1994ஆம் ஆண்டில் நடந்ததாகும். 2023ஆம் ஆண்டில் நடந்திருக்க வேண்டிய தேர்தலும் பணமில்லை என்ற காரணத்தால் தள்ளப்பட்டு, 2025ஆம் ஆண்டு வைகாசியிலேயே நடந்தது. இடைப்பட்ட காலங்களில் செயலாளர்களே சபைகளை நடத்தினர். வாக்குக் கேட்டு வருவோர் இல்லாத ஊரில், கொண்டி கழன்ற கதவைப் பற்றி யாரிடம் முறையிடுவது? சிறிய ஊரின் மலசலகூடத்துக்கும் மக்களாட்சிக்கும் உள்ள தொடர்பு இதுதான்.

தெரிவுசெய்யப்பட்ட சபை இருந்தால் மட்டும் போதுமா? போதாது. கட்டுவதற்கான பணம் பெரும்பாலும் மேலிருந்தோ வெளியிலிருந்தோ ஒருமுறை வருகிறது. அதற்கு நாட்டுவிழா உண்டு. திறப்பு விழா உண்டு. பெயர் பொறித்த கல் உண்டு. பேணுவதற்கான பணமோ மாதந்தோறும் சபையின் சொந்த வருமானத்திலிருந்து வரவேண்டும். சவர்க்காரம், துடைப்பம், மின்கட்டணம், நீர்க்கட்டணம், குழாய்வாய், கொண்டி, பவுசர்க் கூலி, ஒரு மனிதரின் சம்பளம் ஆகியவற்றுக்கு எந்த நாடாவும் வெட்டப்படுவதில்லை. ஆகவே, வரவுசெலவுத் திட்டத்தில் அவற்றுக்குத் தனி வரி இல்லாமற் போகிறது. சந்தைக் குத்தகையாலும் கடை வாடகையாலும் சபைக்கு வருமானம் உண்டு. மீன் விற்கும் அம்மூதாட்டியும் அதற்குக் காசு கொடுக்கிறார். அக்காசின் ஒரு பகுதி அவர் பாவிக்கும் மலசலகூடத்துக்கெனவே ஒதுக்கப்படல் வேண்டும் என்பது சலுகையன்று. அவருடைய பணத்துக்கு உரிய கணக்கு.

கட்டணம் வசூலித்தே நடத்தலாமே என்பர் சிலர். இதற்கும் வரலாறு உண்டு. இலண்டனில் 1851ஆம் ஆண்டு நடந்த பெரும் பொருட்காட்சியில் ஜோர்ஜ் ஜெனிங்சு என்பவர் ஒரு பென்னி கட்டணத்தில் பொதுக் கழிப்பறைகளை அமைத்தார். 827,280 பேர் அவற்றைப் பாவித்தனர். நல்ல வசதிக்கு மக்கள் பணம் தருவர் என்பதை அது காட்டியது உண்மை. திருச்சிப் பெண்களும் அதனையே காட்டினர். எனினும் ஒன்றை மறத்தலாகாது. ஆடவர் மதிலோரத்தில் காசின்றிச் சிறுநீர் கழிக்க, அதே தேவைக்குப் பெண்கள் மட்டும் காசு கொடுப்பதென்பது பெண்ணாய்ப் பிறந்ததற்கு விதிக்கும் வரியாகும். நாட்கூலி பெறுபவருக்கு நாளில் மும்முறை செலுத்தும் சில்லறையும் சுமையே. பேருந்து நிலையத்தில் வழிப்போக்கரிடம் சிறு கட்டணம் பெறுவதில் தவறில்லை. நாள்தோறும் உழைப்போர் கூடும் துறையிலும் சந்தையிலும் அது இலவசமாகவே இருத்தல் வேண்டும்.

எல்லாவற்றிலும் கடினமான கேள்வியை இறுதிக்கு வைத்துள்ளோம். யார் கழுவுவது?

வெள்ளையர் ஆட்சியில் இலங்கை நகரங்களின் மலவாளிகளைச் சுமப்பதற்கென்றே தென்னிந்தியாவிலிருந்து ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் கொண்டுவரப்பட்டனர். கண்டியின் மகியாவை போன்ற இடங்களில் அவர்களுடைய வழித்தோன்றல்கள் தலைமுறை தலைமுறையாக நகரசுத்தித் தொழிலாளராகவே வாழ்ந்தனர். ஊரின் அழுக்கைச் சுமந்த அம்மக்களையும், இந்திய வம்சாவளியினர் என்பதால், 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. மலையாளத்தில் தகழி சிவசங்கரப்பிள்ளை 1947ஆம் ஆண்டு வெளியிட்ட 'தோட்டியின் மகன்' நாவல், ஆலப்புழை நகரத் தோட்டிகளின் மூன்று தலைமுறை வாழ்வைக் கூறுவது. சுந்தர ராமசாமி அதனைத் தமிழுக்குத் தந்தார். தந்தையின் வாளி மகன் கைக்கு வருவது விதியாலன்று, நகரசபையும் சாதியும் சேர்ந்து செய்யும் ஏற்பாட்டால் என்பதை அந்நாவல் படித்தோர் உணர்வர். இந்தியா 1993ஆம் ஆண்டிலும் மீண்டும் 2013ஆம் ஆண்டிலும் கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. அதன் பின்னரும் அங்கே மலக்குழிக்குள் இறங்கி மனிதர் மாண்டுகொண்டிருக்கின்றனர்.

வாளி ஒழிந்துவிட்டது, இழிவு ஒழியவில்லை. கழுவும் வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை என்று சபைகள் முறையிடுகின்றன. அன்றாடக் கூலிக்கு, நிரந்தரமற்ற நியமனத்தில், கையுறையும் காலணியும் தராமல், 'இன்ன குடியார்தாம் இதற்குரியவர்' என்ற பார்வையோடு அழைத்தால் யார் வருவார்? வேறு எந்த வேலைக்கேனும் இந்நிபந்தனைகளை எழுதிப் பாருங்கள்; ஆள் கிடையாது.

இவ்விடத்தில் சிரமதானத்தை எடுத்துக்காட்டுவோர் உண்டு. 1901ஆம் ஆண்டு கல்கத்தாக் காங்கிரசில் பிரதிநிதிகளின் கழிப்பிடம் நாறிக்கிடந்தபோது, அது தோட்டியின் வேலை என்று தொண்டர்கள் ஒதுங்கினர். காந்தியடிகள் துடைப்பத்தை வாங்கித் தாமே கழுவினார். இக்கதையை நாம் பாடசாலைகளில் பெருமையோடு சொல்கிறோம். அவரே தம் சுயசரிதையில் எழுதிய அடுத்த செய்தியைச் சொல்வதில்லை. கூட்டமோ பெரிது, கழிப்பிடமோ சில; அடிக்கடி கழுவ வேண்டியிருந்தது, அது தம்மால் இயலாததாயிற்று, தமக்கு வேண்டியதை மட்டும் செய்துகொண்டதாக அவர் ஒப்புக்கொள்கிறார். மகாத்மாவாலும் இயலாததை ஆண்டுக்கொரு முறை நடக்கும் சிரமதானம் எவ்வாறு செய்யும்? துடைப்பத்தைத் தொடுவது இழிவன்று என்று மாணவருக்குக் கற்பிக்க அது உதவும். அந்த அளவில் அது போற்றத்தக்கது. நாள்தோறும் நடைபெற வேண்டிய வேலைக்கு நாள்தோறும் சம்பளம் பெறும் தொழிலாளர் வேண்டும். அவருக்கு நிரந்தர நியமனமும் ஓய்வூதியமும் பாதுகாப்புக் கருவிகளும் வேண்டும். குழிக்குள் மனிதர் இறங்காதவாறு இயந்திரம் வேண்டும். அவ்வேலை எந்தக் குடிக்கும் உரியதன்று என்னும்படி, திறந்த போட்டியில் ஆட்சேர்ப்பு நடைபெறல் வேண்டும். மலசலகூடத்தைப் பேணுவது என்பதன் பொருள், இறுதியாய்வில், அதைக் கழுவுபவரைப் பேணுவதே.

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2010ஆம் ஆண்டு ஆடி 28ஆம் நாள் நீரையும் சுகாதார வசதியையும் மனித உரிமையாக ஏற்றது. நியூயோர்க்கில் ஏற்கப்பட்ட உரிமை மண்டூர்த் துறைக்குத் தானாக நடந்து வாராது. அதனை இங்கு கொண்டுவருவதற்கு ஆசிரியரும் மாணவரும் செய்யக்கூடிய எளிய வேலை ஒன்றுண்டு. உங்கள் பிரதேச சபை எல்லைக்குள் மக்கள் கூடும் துறைகள், சந்தைகள், பேருந்து நிறுத்தங்கள், கோயில் வீதிகள், தோணி கரையேறும் இடங்கள் யாவற்றையும் ஒரு கொப்பியில் வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் மலசலகூடம் உண்டா, இன்று திறந்திருக்கிறதா, நீர் வருகிறதா, பெண்கள் உள்ளிருந்து பூட்ட முடிகிறதா, நடக்க இயலாதவர் நுழைய முடிகிறதா, கழுவுபவர் யார், அவருடைய மாதச் சம்பளம் எவ்வளவு என்று பாருங்கள். இறுதிக் கேள்விக்கு விடை கிடையாவிடின், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுத்தில் கேளுங்கள். விடை தருவது சபையின் கடமை. மாரிக்கு முன் ஒருமுறையும் வெள்ளம் வடிந்தபின் ஒருமுறையும் அதே இடங்களுக்குச் செல்லுங்கள். சபை வரவுசெலவுத் திட்டத்தை விவாதிக்கும் கார்த்திகை, மார்கழி மாதங்களில் அக்கொப்பியோடு உறுப்பினர்களைச் சந்தித்து, பேணுதலுக்கான தனி ஒதுக்கீட்டைக் கேளுங்கள்.

இது புரட்சியன்று என்று இளைய நண்பர் சிலர் கருதலாம். ஆனால் சந்தையில் நிற்கும் பெண் அச்சமின்றித் தண்ணீர் குடிக்கும் நாளும், அவளுக்காகக் கழுவுபவர் தலைநிமிர்ந்து சம்பளம் பெறும் நாளும், தாமாக வந்த நாட்களாக இரா. கேட்டுப் பெற்ற நாட்களாகவே இருக்கும். அடுத்த சந்தை நாளில் தொடங்கலாம்.